கூரியரில் வந்த துரை

இந்த வாரத் தபாலைப் பிரித்ததும் எனக்கே ஒரு கமறல். இணையத்தில் மலிவு விலையில் சுருட்டு விற்கிறார்களாம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வாங்கிப் பார்த்தவர்கள் பாதிப் பேர், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் மூச்சு விடுகிறவர்கள் மீதிப் பேர் எழுதியிருக்கிறார்கள். மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அரசியல், சினிமா, மாமியார் எல்லாம் அடுத்த வாரம்.

கே: ஆன்லைனில் 'டிரையல் பேக்' வாங்கினேன். கொக்கோ, தோல், தேவதாரு, வறுத்த பாதாம் ருசி வரும் என்று போட்டிருந்தார்கள். எனக்கு எரிந்த கோணிப்பைதான் வந்தது. நாக்கில் கோளாறா? (மென்பொருள் ஊழியர், அடையாறு)

ப: நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. விளம்பரம் எழுதியவருக்குக் கற்பனை வளம். ஒழுங்கான சிகாரில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் நீளவாக்கில் முழு இலைகள். அவற்றை இறுக்கிப் பிடிக்க ஒரு கட்டு இலை. எல்லாவற்றுக்கும் மேலே வழவழப்பாக ஒரு மேலிலை. மூன்றையும் கையால் உருட்டுவார்கள். மலிவுச் சரக்கில் பெரும்பாலும் நடுவில் இருப்பது வெட்டுத் துண்டும் உதிரியும், சுற்றுவது இயந்திரம். சிலவற்றில் மேலே இருப்பது இலைகூட இல்லை, புகையிலைத் தூளைக் கூழாக்கித் தாளாக இழுத்தது. துண்டு இலை வேகமாக, சூடாக எரியும். சூடு ஏறினால் கசக்கும். கசப்பு தெரியாமலிருக்க வெனிலா, செர்ரி என்று வாசனை ஏற்றுவார்கள், வாய் வைக்கிற நுனியில் இனிப்புத் தடவுவார்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் போகாமலிருந்தால் கோணிப்பை கொஞ்சம் அடங்கும். தோல் வாசனைதான் வேண்டுமென்றால் பாண்டி பஜாரில் நல்ல செருப்புக் கடைகள் இருக்கின்றன.

கே: சுருட்டுக்கும் சிகாருக்கும் என்ன வித்தியாசம்? (மந்தைவெளி வாசகர்)

ப: விலை. அது போக, சிகாரின் வாய்ப்பக்கம் சின்னத் தொப்பி போட்டு மூடியிருக்கும், வெட்டித்தான் பிடிக்க வேண்டும். நம்மூர்ச் சுருட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல் திறந்தே இருக்கும். பெட்டிக்கடை வாசலில் நிற்கிறவரிடம் போய்க் கத்தரி தேடச் சொன்னால் நடக்குமா?

கே: 150 ரூபாய்க்கு 'அசல் கியூபா சிகார்' என்று ஒரு தளத்தில் வருகிறது. வாங்கலாமா? (சிக்கனத்தில் நம்பிக்கை உள்ளவர், மேற்கு மாம்பலம்)

ப: அதில் அசலாக இருப்பது உங்கள் 150 ரூபாய் மட்டும்தான். கியூபாவில் உருட்டிய சிகார் முறையாக வெளிநாடு போவதென்றால் 'ஹபனோஸ்' என்ற ஒரே நிறுவனத்தின் வழியாகத்தான் போகும். அதில் பாதிப் பங்கு கியூப அரசுடையது. அவர்களுக்கு ஆடித் தள்ளுபடி தெரியாது. 2022-இல் கோஹிபா போன்ற உயர் ரகங்களின் விலையை உலகம் முழுக்க ஒரே மட்டத்துக்குத் தூக்கிவிட்டார்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கியூபா சிகார் வந்தால் போலி என்பது அந்த வட்டாரத்துப் பாலபாடம்.

மாம்பலத்திலிருந்தே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் விற்கும் புகையிலைப் பெட்டியின் முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, அதிகபட்ச விலை இவையும் அச்சாகியிருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல் பெட்டி அழகாக இருக்கிறதென்றால், சுங்க அதிகாரி கண்ணில் படாமல் காப்பாற்றி வைத்த அழகு அது.

கே: கென்னடிக்கும் சிகாருக்கும் ஏதோ கதை உண்டாமே? (வங்கி ஓய்வு, நந்தனம்)

ப: 1962 பிப்ரவரி. ஜனாதிபதி கென்னடி தம் செய்திச் செயலர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, நாளைக் காலைக்குள் ஆயிரம் கியூபா சிகார் வேண்டும் என்றார். சாலிஞ்சர் கடை கடையாக ஏறி இறங்கி 1,200 கொண்டுவந்தார். எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்ட கென்னடி, இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கியூபாப் பொருள்களுக்குத் தடை! இதைப் பிற்பாடு எழுதி வைத்தவர் சாலிஞ்சரேதான். விலையேற்றத்துக்கு முதல் நாள் ராத்திரி பெட்ரோல் பங்க்கில் வரிசை கட்டி நிற்கிற நம் ஆட்கள், தங்கள் குலதெய்வம் யார் என்று இப்போது தெரிந்துகொள்ளலாம்.

கே: திருச்சி சுருட்டை ஷெர்லக் ஹோம்ஸ் பிடித்தாராமே, நிஜமா? (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, மயிலாப்பூர்)

ப: பிடித்தது ஹோம்ஸ் இல்லை டீச்சர், கொலைகாரன். 1887-இல் கானன் டாயில் எழுதிய முதல் ஹோம்ஸ் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. லண்டனில் ஒரு காலி வீட்டில் பிணம் கிடக்கிறது. ஹோம்ஸ் தரையிலிருந்து சாம்பலைக் கூட்டி எடுக்கிறார். கறுப்பாக, செதில் செதிலாக இருக்கிறது. ஆசாமி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். அடுத்த நாவலான 'தி சைன் ஆஃப் ஃபோர்'-இல், 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றித் தாம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருப்பதாக ஒரு பீற்றல். அங்கேயும் திருச்சி வருகிறது. கோதாவரி ஆற்றின் நடுத்திட்டுகளில் விளையும் லங்கா புகையிலையின் சுருட்டும் வருகிறது.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. திருச்சி எங்கே இருக்கிறது, அங்கே ஏன் சுருட்டு என்று டாயில் ஒரு வரிகூட விளக்கவில்லை. லண்டன் வாசகனுக்கே அது தெரிந்திருக்கிறது. இன்னொன்று: கொலைகாரன் பிரபு அல்ல, வாடகைக் குதிரைவண்டி ஓட்டுகிறவன். (137 வருஷத்துக்கு மேல் ஆன கதை, முடிவைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.) லண்டனில் ஒரு வண்டிக்காரன் பையில் கதாசிரியர் தைரியமாகப் போட்டுவைக்கும் சுருட்டு நம்முடையது. மலிவுச் சுருட்டு கடல் தாண்டிப் போவது இன்றைய கூரியர்காரர் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அன்றைக்குக் கப்பல் இங்கிருந்து போயிற்று, இன்றைக்குப் பார்சல் இங்கே வருகிறது, அவ்வளவுதான்.

கே: திருச்சி மண்ணில் அப்படி என்ன விசேஷம்? (திருச்சியிலிருந்து வந்து குடியேறியவர், கோட்டூர்புரம்)

ப: கோபப்படாமல் கேளுங்கள். இலை திண்டுக்கல் பக்கத்தில் விளைந்தது. உங்கள் ஊர் உருட்டியது, அதுவும் குறிப்பாக உறையூர். பேர் திருச்சிக்குப் போய்விட்டது. திண்டுக்கல்காரர்கள் பூட்டிலும் பிரியாணியிலும் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். திண்டுக்கல் பக்கத்து வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கும் மெல்லும் புகையிலைக்குமென்று 1948-இலேயே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் வைத்தது. உறையூரில் 'ஃபென் தாம்ப்ஸன்' என்று துரை பெயர் வைத்துக்கொண்டு உருட்டிய நம்மூர் நிறுவனமே உண்டு. பெட்டியில் வெள்ளைக்காரன் பெயர் இருந்தால் ருசி கூடும் என்பது இணையத்துக்கு முந்தைய சூத்திரம்.

கே: என் தாத்தா மவுண்ட் ரோடு ஸ்பென்சரில்தான் சுருட்டு வாங்குவாராம். பாட்டி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். (கல்லூரி மாணவர், ராயப்பேட்டை)

ப: தாத்தா பெரிய இடம்தான். 1863-இல் சார்லஸ் டூரண்ட் என்பவர் ஆரம்பித்த கடை. ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் கூட்டாளியாக வந்தார், பின்னால் யூஜின் ஓக்‌ஷாட் கைக்குப் போனது. 1895-இல் மவுண்ட் ரோட்டில் அந்தச் சிவப்பு மாளிகையைக் கட்டினார்கள். குண்டூசி முதல் எல்லாம் விற்ற கடை, சுருட்டை மட்டும் வாங்கி விற்காமல் திண்டுக்கல்லில் சொந்தத் தொழிற்சாலை வைத்துச் செய்தது. அந்தக் கட்டடம் 1980களில் தீயில் போயிற்று. ஒரு சுருட்டு வியாபாரிக்கு இப்படியா ஆக வேண்டும்! அந்த இடத்தில் பிற்பாடு வந்ததுதான் ஸ்பென்சர் பிளாசா. பாட்டி சிரிப்பதில் எத்தனை சதவீதம் காதல், எத்தனை சதவீதம் கோபம் என்று கேட்டு எழுதுங்கள்.

கே: சர்ச்சில் பிடித்தது நம் திருச்சி சுருட்டு என்று எல்லோரும் ஃபார்வர்ட் பண்ணுகிறார்களே? (தி.நகர்)

ப: 1896-இலிருந்து பெங்களூரில் பட்டாளத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் அந்த ஊரில் இருந்துகொண்டு நம் சுருட்டைத் தொடாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் விரலிடுக்கில் இருந்ததில் பெரும்பங்கு கியூபா. அதற்கு முந்தின வருஷமே ஹவானாவுக்குப் போய் வந்துவிட்டார். ஃபார்வர்டில் பாதி உண்மை இருக்கிறது. ஃபார்வர்டுக்கு அது அதிகம்.

கே: நண்பர்களைக் கூப்பிட்டு, விலை உயர்ந்த ஒன்றையும் மலிவான ஒன்றையும் கொடுத்து வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கப் போகிறேன். யோசனை எப்படி? (ஆழ்வார்பேட்டை)

ப: உங்களுக்கு முன்னால் மார்க் ட்வெய்ன் செய்துவிட்டார். அவர் பிடித்தது மகா மட்டமான மலிவு சிகார், நண்பர்கள் வட்டாரத்தில் அதற்குக் கெட்ட பெயர். ஒரு நாள் பன்னிரண்டு நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். ஒரு பணக்கார நண்பரிடமிருந்து சிவப்பும் தங்கமுமாகப் பட்டை போட்ட விலை உயர்ந்த சிகார்களை யாரும் பார்க்காதபோது எடுத்துவந்து, பட்டையைக் கழற்றிவிட்டு, தம் மட்ட சரக்கின் பெட்டியில் போட்டு நீட்டினார். எல்லோரும் மரியாதைக்குப் பற்ற வைத்தார்கள், துக்க வீட்டு முகத்தோடு சமாளித்தார்கள், ஏதோ சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலை பார்த்தால் வாசலுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே சிகார்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் மேசைத் தட்டிலேயே கிடந்தது. அதை வைத்தவர் அந்தப் பணக்கார நண்பர். தம் சொந்தச் சரக்கு என்று தெரியாமல், இந்த மாதிரி சிகாரை மனுஷனுக்குக் கொடுத்தால் ஒரு நாள் சுடப்படுவாய் என்று ட்வெய்னை எச்சரித்தாராம்.

ட்வெய்ன் கொஞ்சம் மசாலா சேர்க்கிறவர்தான். ஆனாலும் பட்டையைக் கழற்றிவிட்டு நீட்டுகிற உத்தியை மீற இன்னும் யாரும் வரவில்லை. நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்: 100 ரூபாய்ச் சரக்குக்குத் தங்கப் பட்டை சுற்றுங்கள். ஆழ்வார்பேட்டையில் யாராவது ஒருவர் 'பாதாம் வாசனை தெரிகிறது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவரை எனக்கு அறிமுகம் செய்து வையுங்கள், ஒரு மனை விற்க வேண்டியிருக்கிறது.

கே: பெட்டி பிரித்தால் மூன்று சுருட்டில் குண்டூசி குத்தினாற்போல ஓட்டை. காற்று வருவதற்கா? (திருவான்மியூர்)

ப: வண்டு போவதற்கு. சுருட்டு வண்டு என்று ஒரு ஜீவன், சுருட்டுக்குள்ளேயே முட்டையிட்டுப் பொரித்து, தின்று, வளர்ந்து, துளை போட்டு வெளியே வரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். திருவான்மியூரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இதில் புகையிலை உங்கள் பிரச்சினை. அடுத்தது உங்கள் வீட்டம்மாவின் பிரச்சினை: இதே வண்டு மஞ்சள், மிளகாய்ப் பொடி, தனியா எல்லாவற்றையும் ரசித்துச் சாப்பிடும். சுருட்டுப் பெட்டியை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், இந்தக் கடிதத்தை மறைத்து வையுங்கள்.

கே: சுருட்டைப் பாதுகாக்க 'ஹியூமிடார்' என்று ஒரு மரப்பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். சுருட்டைவிட அது விலை அதிகம். அவசியமா? (மறுபடியும் மேற்கு மாம்பலம்)

ப: சிகாரை 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைக்க வேண்டும் என்பது கணக்கு. குளிர்நாட்டில் காற்று காய்ந்து கிடக்கும். அவர்கள் பெட்டிக்குள் ஈரத்தைப் போட்டு வைக்கிறார்கள். சென்னைக்கு ஈரத்தை விலைக்கு விற்க வருகிறவரை என்ன சொல்ல? நமக்கு உபத்திரவம் நேர் எதிர்: மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஏ.சி. அறையில் காய்ந்து வெடிக்கும். நன்றாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவும் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு சின்னப் பொட்டலமும் போதும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். புகையிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். அப்புறம் கொக்கோ, தோல், தேவதாருவோடு தோசைமாவும் சேர்ந்துகொள்ளும்.

கே: பாடிகார்டு முனீஸ்வரனுக்குச் சுருட்டு படைக்கிறார்களே, எந்த பிராண்டு உசத்தி? (புது ஸ்கூட்டர் வாங்கியவர், சிந்தாதிரிப்பேட்டை)

ப: பல்லவன் சாலையில் வண்டிக்குப் பூஜை போட வரிசையில் நிற்கிறவர்கள் யாரும் பிராண்டு பார்த்து நான் பார்க்கவில்லை. முனீஸ்வரனுக்கும் கருப்பசாமிக்கும் சுடலைமாடனுக்கும் பெட்டிக்கடைச் சுருட்டுதான் தலைமுறை தலைமுறையாகப் போகிறது. எச்சரிக்கைப் படத்தைப் பார்த்தும் கலங்காத ஒரே வாடிக்கையாளர்கள் அவர்கள்தான். நீங்கள் ஆன்லைனில் வாங்கிய வெனிலா வாசனைச் சுருட்டைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். பிரேக் விஷயத்தில் விஷப்பரீட்சை வேண்டாம்.

கே: எலியட்ஸ் கடற்கரையில் உட்கார்ந்து சிகார் பிடித்தால் போலீஸ் பிடிக்குமா? (பெசன்ட் நகர்)

ப: 2003-ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கினார்கள், அபராதம் 200 ரூபாய் வரை. ஆனால் 'திறந்த வெளி' அந்த வரையறைக்குள் வராது என்று சட்டமே சொல்கிறது. அதே மணலிலிருந்து எழுந்து உணவகத்துக்குள் நுழைந்தால் 200 ரூபாய். மணலிலேயே இருந்தாலும் கடற்காற்று சிகாரின் ஒரு பக்கத்தை மட்டும் எரித்துத் தள்ளும், முக்கால் மணி நேரத்துச் சமாசாரம் பத்து நிமிஷத்தில் முடியும். அதற்குள் சுண்டல் விற்கிற பையன், குதிரைக்காரர், பலூன் பாப்பாவின் அப்பா மூவரும் முறைத்துவிட்டுப் போவார்கள். போலீஸ் தேவைப்படாது.

கே: மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். எத்தனை சிகார் கொண்டுவரச் சொல்லலாம்? (தி.நகர்)

ப: சுங்கவரி இல்லாமல் 25 சிகார், அல்லது 100 சிகரெட், அல்லது 125 கிராம் புகையிலை என்பது பயணச் சாமான் விதி. அந்த 'அல்லது'வை விமான நிலையத்தில் 'மற்றும்' என்று படிப்பவர்கள் அதிகம். கேட்பதற்கு முன் ஒன்று யோசியுங்கள்: அவர் உங்களுக்காக 25 சிகார் சுமந்து வந்தால், நீங்கள் அவருக்காக எத்தனை கிலோ அரிசி அப்பளம், வடாம், ஊறுகாய் சுமக்க வேண்டி வரும்?

கே: என் பதினேழு வயது மகன் ஆன்லைனில் ஆர்டர் பண்ணியிருக்கிறான். 'எனக்கு 18 ஆகிவிட்டது' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். (கவலைப்படும் தாய், மயிலாப்பூர்)

ப: சட்டப்படி 18-க்குக் கீழே உள்ளவருக்குப் புகையிலை விற்பது குற்றம். குற்றவாளி விற்றவர், உங்கள் மகன் அல்ல. பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். பெட்டிக்கடைக்காரருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக்கூடாது. மயிலாப்பூரில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்தையும் சுற்றி நூறு கஜ வட்டம் போட்டால் மிஞ்சுவது தெப்பக்குளம்தான். அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பையன் கைக்கு அலைபேசி வழியாகப் பார்சல் வருகிறது. வட்டம் போட்டவர்கள் வானத்தைப் பார்க்க மறந்துவிட்டார்கள். மகனைத் திட்டுவதைப் பார்சல் வருகிற நாள்வரை தள்ளிப்போடுங்கள். கூரியர்காரர் முன்னால் திட்டினால் செலவு மிச்சம், அடுத்த தடவை அவரே பெல் அடிக்க யோசிப்பார்.

கே: அப்போது 'வேப்' பரவாயில்லையா? (அதே வீட்டு மகன்)

ப: 2019-லிருந்து இந்தியாவில் அதை விற்பது, இறக்குமதி செய்வது, சேமித்து வைப்பது எல்லாமே குற்றம். அம்மாவிடம் அலைபேசியைக் கொடு தம்பி.

கே: திண்டுக்கல் இலையில் உயர்தர சிகார் செய்து ஆன்லைனில் விற்க ஒரு ஸ்டார்ட்அப் யோசனை. அமெரிக்கக் கம்பெனி ஒன்று பணம் போடத் தயார். (எம்.பி.ஏ., அடையாறு)

ப: சிகார், சுருட்டு, சிகரெட் தயாரிப்பில் அந்நிய நேரடி முதலீட்டுக்கு நம் அரசு அனுமதிப்பதில்லை. லாட்டரி, சூதாட்டத்தோடு ஒரே பட்டியலில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். விளம்பரமும் செய்ய முடியாது. முதலீட்டாளருக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்து அனுப்பி வையுங்கள்.

கே: சுருட்டுக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தம் உண்டா? (கவிஞர் என்று கையெழுத்திட்டவர், வடபழனி)

ப: உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி எழுதுகிறவன் வாயில் இல்லை, உருட்டுகிறவன் காதில். 1865-இல் ஹவானாவில் ஒரு பழக்கம் தொடங்கியது. நூற்றுக்கணக்கான பேர் நாள் முழுக்கத் தலை குனிந்து இலை உருட்டுகிற கூடத்தில், மேடையில் ஒருவர் உட்கார்ந்து காலையில் செய்தித்தாள், மத்தியானம் நாவல் என்று உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். என்ன நாவல் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். அலெக்சாண்டர் டூமாவின் கதாநாயகன் பெயரில் 'மான்டி கிறிஸ்டோ' சிகார் வந்தது இந்தக் கேட்பின் புண்ணியம்.

நமக்கு நெருக்கமான கதை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகை படிக்க, மற்றவர்கள் கை வேலையை விடாமல் கேட்பார்கள். பள்ளிக்கூடம் பார்க்காத எத்தனையோ பேருக்கு உலக அரசியல் அங்கேதான் பாடமாயிற்று. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களிலும் இதே வழக்கம். 1969-இல் உருவான தினேஷ் பீடிக் கூட்டுறவில் அது ரொம்பப் பிரசித்தம். உங்கள் கவிதைகளைப் பீடி சுற்றுகிறவர் முன்னால் படித்துப் பாருங்கள். கை நின்றால் நல்ல கவிதை. ஆள் எழுந்து போனால் எனக்கு அனுப்பிய அதே கவிதை.

கே: தமிழில் புகையிலையைப் புகழ்ந்து ஒரு பழைய நூலே இருக்கிறதாமே? (பெசன்ட் நகர் வாசகர்)

ப: உங்கள் ஊரிலேயே டாக்டர் உ.வே.சா. நூல் நிலையம் இருக்கும்போது என்னைக் கேட்கிறீர்கள். 'புகையிலை விடு தூது', பாடியவர் சீனிச்சர்க்கரைப் புலவர். பழனி முருகனிடம் காதலி தூதாக அனுப்புவது கிளியையோ அன்னத்தையோ அல்ல, புகையிலையை. மும்மூர்த்திகளிடமும் ஆளுக்கொரு இலையைக் கொடுத்த வழக்கில் கடைசியில் ஜெயித்த இலை பிரமனுடைய புகையிலை என்று ஒரு கதையும் வரும். இவ்வளவு குறும்பை ஏட்டிலிருந்து எடுத்து அச்சில் ஏற்றியவர் சாட்சாத் உ.வே. சாமிநாதையர். பெயரில் சீனியும் சர்க்கரையும் வைத்துக்கொண்டு புகையிலை பாடிய புலவருக்கு நாக்கு எதையும் தாங்கும் போலிருக்கிறது.

கே: எங்கள் ஆயா திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பாள். இன்று நான் ஒரு சிகாரைக் கையில் எடுத்தால் குடும்பமே கூடி விசாரிக்கிறது. இது என்ன நியாயம்? (பெண் வழக்கறிஞர், மயிலாப்பூர்)

ப: நியாயம் ஒன்றும் இல்லை, வக்கீலம்மா. உழைக்கிற வீட்டுப் பெண்கள் சுருட்டுப் பிடிப்பது இந்தக் கடற்கரை நெடுக இருந்த வழக்கம்தான். ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் இன்னும் ஒரு படி மேலே: நெருப்பு இருக்கிற நுனியை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். காற்றில் அணையாது. ஆனால் மேலண்ணம் வெந்து, அங்கேயே புற்று வருவதை மருத்துவர்கள் அந்தப் பெண்களிடம்தான் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். குடும்பத்தாரின் கேள்வியை ஆட்சேபித்துத் தள்ளுபடி செய்யுங்கள். ஆயாவின் பழக்கத்தை முன்னுதாரணமாகக் காட்டாதீர்கள், எதிர்த்தரப்பு மருத்துவச் சான்றிதழோடு வரும்.

கே: புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டுவிடுகிறேன். அதனால் சிகாரில் ஆபத்து இல்லைதானே? முதல் தடவை மட்டும் தலை சுற்றி வியர்த்துக் கொட்டியது. (தி.நகர் வியாபாரி)

ப: உள்ளே இழுக்காமலே தலை சுற்றியதே, அதிலேயே பதில் இருக்கிறது. சிகார்ப் புகை காரத்தன்மை உள்ளது. வாயின் தோல் வழியாகவே நிகோடின் ரத்தத்துக்குப் போய்விடும், நுரையீரலைக் கேட்காது. ஒரு சிகரெட்டில் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய சிகாரில் 5 முதல் 20 கிராம். சில சிகார்கள் தனியாளாக ஒரு முழு சிகரெட் பாக்கெட். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்று எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. மனித மனத்தையே பிரித்து வைத்த ஃபிராய்டு 1923-இல் வாயில் புற்று என்று தெரிந்தும் சிகாரை விடவில்லை. முப்பதுக்கு மேல் அறுவை, 1939-இல் மரணம். இதிலே 100 ரூபாய்ச் சரக்கு, 5,000 ரூபாய்ச் சரக்கு என்ற பேதமே கிடையாது. ஃபிடல் காஸ்ட்ரோவே 1985-இல் நிறுத்திவிட்டார், அவருக்குச் சரக்கு இலவசம்!

விட வேண்டும் என்று தோன்றினால் அதிக தூரம் போக வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், 2002-இல் நாடு முழுக்க முதலில் தொடங்கிய புகையிலை நிறுத்த மையங்களில் ஒன்றை வைத்தார்கள். அந்த நிலையத்தை நடத்திய டாக்டர் சாந்தா வளாகத்திலேயே குடியிருந்து பார்த்த நோய்களில் நிறைய இந்த இலை செய்த வேலை. போனிலேயே பேச வேண்டுமென்றால் 1800-11-2356, கட்டணம் இல்லை. இலவசம் என்றால் தி.நகரில் யாராவது வேண்டாம் என்பார்களா?

கே: சிகார் பிடிக்கிற கதாபாத்திரம் தமிழ்ப் படத்தில் ஜெயித்ததுண்டா? (கோடம்பாக்கம்)

ப: இடைவேளை வரைக்கும்.

கே: வரப்போகிற மாப்பிள்ளைக்குச் சீர்வரிசையில் ஒரு பெட்டி சிகாரும் வேண்டுமாம். (பெண்ணைப் பெற்றவர், மாம்பலம்)

ப: வாங்கிக் கொடுங்கள். 85 சதவீத எச்சரிக்கைப் படம் மேலே தெரிகிற மாதிரி, தேங்காய் பழத்துக்கு நடுவே வையுங்கள். சம்பந்தியே தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கே: டிரையல் பேக்கோடு இலவசமாக ஒரு கத்தரி வந்தது. நடுவில் ஒரு ஓட்டை, இரண்டு பக்கமும் பிளேடு. சுருட்டைத் தூக்கிப் போட்டாயிற்று. இதை என்ன செய்வது? (முதலில் எழுதிய அதே மென்பொருள் ஊழியரின் மனைவி, அடையாறு)

ப: கொத்தவரங்காய் நுனி வெட்ட அருமையான சாமான். ஒரு தடவைக்கு ஒரு காய்தான் நுழையும். கால் கிலோவை எதிரில் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வையுங்கள்.